வியாழக்கிழமைத் தட்டு

ணங். ணங். ணங். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தனியாக இன்னொரு ணங். தெருவின் அந்தக் கோடியில், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி நிற்கிற பக்கமிருந்து. வினோலியா தோசைத் திருப்பியைக் கல்லிலேயே போட்டுவிட்டு ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினாள். முதலில் கூடத்து ஜன்னல், பிறகு படுக்கையறை ஜன்னல், போன வாரமும் இதே வரிசைதான், அதற்கு முந்தைய வாரமும். சாத்தினால் சத்தம் நிற்பதில்லை, மெலிகிறது, அவ்வளவுதான். மெலிந்த சத்தம் இன்னும் மோசம், காது அதைத் தேடிக்கொண்டு தெருக்கோடி வரை போகிறது. மணி இல்லை இது. மணி என்றால் கோயிலோ சர்ச்சோ ஐஸ் வண்டியோ எதுவானாலும் அடித்து ஓய்ந்தபின் காற்றில் கொஞ்ச நேரம் நிற்கும். இது அடித்த இடத்திலேயே செத்துவிடுகிறது. கதவிடம் வந்தாள். தாழ்ப்பாள் பாதி போய் நின்றது. ஐப்பசி மழைக்கு மரம் ஊதி, கதவு ஒரு நூல் இறங்கிவிட்டது, கம்பியும் துளையும் ஒன்றுக்கொன்று முகம் பார்ப்பதில்லை. ராத்திரி பத்தரைக்கு அருமைராஜ் ஷூ கம்பெனியில் இரண்டாவது ஷிப்ட் முடித்து வந்து தோளால் ஒரு இடி இடித்தால்தான் அது விழும், அதுவரைக்கும் வெறும் கொக்கி, பாவாடை ஊக்கு போல ஒரு கொக்கி. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கதவில் சாய்த்தாள். பிளாஸ்டிக் நாற்காலி எவனைத் தடுக்கும், விழுகிற சத்தமாவது கேட்கும். தோசை கருகுகிற வாசனை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால் மெர்லின் உட்கார்ந்திருந்த இடத்தில் மெர்லின் இல்லை, பாதி தோசையும் சர்க்கரையும்தான் இருந்தது. குனிந்து பார்த்தாள். கட்டிலுக்கடியில், சுவரோடு ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, டார்ச் அடித்தால் பூனைக்குத் தெரியுமே அப்படி இரண்டு கண். ஆறு வயது. "வாடா, ஒண்ணுமில்ல" என்றாள். ஒண்ணுமில்ல என்று சொன்ன தன் குரலை அவளே நம்பவில்லை, குழந்தை எப்படி நம்பும்.

ஏழு இருபது. வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை, ஏழு இருபது. வியாழக்கிழமை என்பதைக் கண்டுபிடித்தது ஆகஸ்டில், மளிகைக்கடைக் காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்து. கண்டுபிடித்திருக்கவே வேண்டாம், அதன்பின் புதன்கிழமையே ஜன்னல் கொக்கிகளைச் சரிபார்க்க ஆரம்பித்துவிட்டாள். தர்காவுக்குப் போகிற பக்கீரோ என்று யோசித்தாள், வியாழன் அவர்களுக்கு விசேஷம். பக்கீர் என்றால் தெருவுக்குள் வரவேண்டாமா, ஏன் தொட்டியடியிலேயே நின்று அடிக்கிறான். திருடர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிற சைகை என்று எங்கோ படித்திருந்தாள். அருமைராஜிடம் சொன்னபோது, "நாய் எச்சத்தட்ட உருட்டுது, நீ கான்வென்ட்ல படிச்ச கதைங்களையெல்லாம் இங்க கொண்டாந்து சேக்காத" என்று சட்டையைக் கழற்றினான். நாய் மூன்று தரம் உருட்டி, நிறுத்தி, ஒரு தரம் உருட்டுமா. பக்கத்து வீட்டுப் பரிமளா அக்காவைக் கேட்கலாம். கேட்டால் சிரிப்பாள். ஏற்கெனவே அவளுக்கு வினோலியாவின் பெயரே 'கான்வென்ட்டு'தான். தண்ணீர் பிடிக்க வந்தால் "வழி வுடுங்கடி, கான்வென்ட்டு வருது". கெட்ட எண்ணம் இல்லாத கேலி, வினோலியா குடத்தைத் தூக்கிக்கொண்டு சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

மேசை மேல் இரண்டு தாள்கள் இருந்தன, இரண்டும் நாளைக் காலை பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டியவை. ஒன்று பள்ளி மேலாண்மைக் குழு கொடுத்த கேள்வித்தாள், ஜெராக்ஸ் மங்கல். குழுவில் பரிமளா அக்கா உறுப்பினர், அவள்தான் வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போனாள். 'பள்ளி உங்கள் குழந்தையைப் பற்றி உங்களிடம் தெரிவிக்கிறதா? எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை. சரியானதை வட்டமிடுக.' வினோலியா சாயங்காலமே வட்டமிட்டுவிட்டாள். ஒருபோதும் இல்லை. வட்டத்தின் மேலேயே இன்னும் இரண்டு வட்டம் போட்டிருந்தாள், பால்பாயின்ட் பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு. இன்னொன்று அவளே ஆங்கிலத்தில் எழுதிய கடிதம், ரெஸ்பெக்டட் மேடம் என்று தொடங்கி, மெர்லினுக்கு டி.சி. வேண்டும் என்று. கையெழுத்து இன்னமும் பள்ளிக்கூடக் கையெழுத்துத்தான், சிஸ்டர் ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டித் தட்டி வளைத்த எழுத்து. டி.சி. வாங்கிவிட்டால் அடுத்த திங்கள்கிழமை மெர்லின் வேலூரில் பெரியக்கா வீட்டுக்குப் போய்விடுவாள், வினோலியா படித்த அதே கான்வென்ட், பெரியக்கா சிஸ்டரிடம் பேசிவிட்டாள், நடு வருஷத்தில் எடுத்துக்கொள்வதே பெரிய விஷயமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைகளில். அந்தச் சொல்லை அவள் பகல் முழுக்க வாய்க்குள் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள், கரையாத ஏதோ ஒன்று போல. ஆறு வயதுப் பிள்ளைக்கு யார் தலை பின்னுவது, பெரியக்கா இறுக்கிப் பின்னுவாள், கண் மேலே இழுத்துக்கொள்ளும். வேறு வழியில்லை. இங்கிலீஷ் மீடியம் வேன்கள் பாலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வருவதில்லை, ஜூனில் குடிவந்தபோது அரசுப் பள்ளியில் சும்மா ஒரு வருஷம் என்றுதான் சேர்த்தார்கள், தெரு முழுக்க ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்களின் பிள்ளைகள், நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று. நன்றாகத்தான் இருந்தது, ஒரு மாதம்.

பிறகு மெர்லின் பேசுவதை நிறுத்தினாள். வீட்டில் இல்லை, வீட்டில் பேசுவாள், பல்லிக்குப் பேர் வைப்பாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டாள். சாயங்காலம் பாவாடை ஈரமாக இருக்கும். மதியம் சத்துணவு சாப்பிட்டாயா என்றால் இல்லை என்று தலையாட்டுவாள், டப்பாவில் கட்டிக் கொடுத்தாலும் அப்படியே திரும்பி வரும். ஏன்டா. டீச்சர் அடிக்கிறாங்களா. இல்லை. பிள்ளைங்க கிள்றாங்களா. இல்லை. பின்ன என்னடா. ஒரே ஒரு தடவை, செப்டம்பரில், குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது சோப்பு நுரைக்குள்ளிருந்து சொன்னாள்: "பெரிய டீச்சர்கிட்ட இருக்கு." என்ன இருக்கு. என்னடா இருக்கு பெரிய டீச்சர்கிட்ட. அவ்வளவுதான், அதற்கப்புறம் ஒரு சொல் வரவில்லை. இருக்கு. வினோலியா அந்த 'இருக்கு'வை எடுத்துக்கொண்டு எத்தனை ராத்திரி படுத்திருக்கிறாள். பிரம்பு இருக்கு. சூடு போடுகிற கம்பி இருக்கு. பூட்டி வைக்கிற அறை இருக்கு. தலைமையாசிரியை கோமளவல்லியை அவள் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள், குட்டையான, மூக்குக் கண்ணாடிக்குக் கறுப்புக் கயிறு கட்டிய அம்மாள், சேர்க்கையன்று சிரித்தார். சிரிக்கிறவர்கள்தான். போய்க் கேட்டுவிடலாமே என்று அருமைராஜ் சொன்னான். அவனுக்குத் தெரியாது. கூப்பிடாமல் போவதா. கான்வென்ட்டில் கூப்பிட்டால்தான் பெற்றோர் வருவார்கள், கூப்பிடாமல் கேட் தாண்டின அம்மாவை வாட்ச்மேனே ஒரு பார்வை பார்ப்பான். சொல்ல ஏதாவது இருந்தால் பள்ளிக்கூடம் எழுதி அனுப்பும், அதுதான் முறை. தினமும் சாயங்காலம் அவள் மெர்லினின் பையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினாள். நோட்டுக்குள், புத்தக அட்டைக்குள், டப்பா மூடிக்கு அடியில். நெல்லிக்காய்க் கொட்டை, உடைந்த சிலேட்டுக் குச்சி, யாருடையதோ ஒரு ரிப்பன். ஒரு துண்டுச் சீட்டுக் கூட இல்லை. நான்கு மாதம். இது என்ன பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடம் என்றால் டைரி இருக்கவேண்டும். நீல அட்டை, முதல் பக்கத்தில் ஜெபம், கடைசியில் ரிமார்க்ஸ் என்று கட்டம் கட்டமாக, சிவப்பு மை, தேதி, சிஸ்டரின் இனிஷியல். கட்டத்தில் இடம் போதாவிட்டால் தனித் தாள், அதை யூனிஃபார்ம் தோளில் ஊக்கு குத்தி அனுப்புவார்கள், தொலையக்கூடாதென்று. மூன்றாம் வகுப்பில் ஒருநாள் அப்படி ஒன்றைக் குத்திக்கொண்டு பஸ்ஸில் வந்தாள், எல்லோரும் படித்தார்கள், அவளால் மட்டும் கழுத்தை எவ்வளவு திருப்பியும் படிக்க முடியவில்லை. வீட்டில் அம்மா ஊக்கைக் கழற்றி, தாளைப் பிரித்து, இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. வினோலியாவிடம் படிக்கச் சொல்லவில்லை, குற்றவாளியையே தீர்ப்பைப் படிக்கச் சொல்வார்களா. செருப்பைப் போட்டுக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்குப் போனாள், அங்கே இருந்த அண்ணன் டாக்டர் எழுத்தையே படிக்கிறவர். அவர் படித்துவிட்டு, நான்கு பேர் மருந்து வாங்க நிற்கையில், சத்தமாகச் சொன்னார்: "பாப்பா தலைல பேன் இருக்காம்மா. சுத்தமா அனுப்பச் சொல்றாங்க." அன்று ராத்திரி சீப்பு மண்டையைக் கிழித்தது. ஆனால் எழுதி அனுப்பினார்களே. அதைச் சொல்லத்தான் இது ஞாபகம் வந்தது, எழுதி அனுப்பினார்கள், தேதியோடு. அம்மாவுக்கு வந்து சேர்ந்தது மருந்துக்கடை வழியாக வந்தாலும். சேர்ந்தது பேன் சேதியா, வெட்கமா என்று ஒரு கேள்வி எழும்பியது, அதை அவள் அப்படியே விட்டுவிட்டாள். பிரித்தால் பின்னால் எவ்வளவோ வரும்.

ணங். ணங். ணங். நிறுத்தி, ணங். இரண்டாவது முறை. எப்போதும் இரண்டு முறைதான், பத்து நிமிஷ இடைவெளியில், அதற்குப்பின் பெண்கள் பேசுகிற மாதிரி ஒரு முணுமுணுப்பு, அதுவும் நிற்கும். இந்த முணுமுணுப்பு மகளிர் குழு என்று அவளுக்குத் தெரியும். பரிமளா அக்கா ஓரிரு தடவை சொல்லியிருக்கிறாள், "தொட்டியாண்ட கூட்டத்துக்கு எல்லாரும் வராங்க, நீதான் வரமாட்டேன்ற." குழுவில் சேரச் சொல்கிறாள், சேர்ந்தால் முன்னே நின்று பேசவேண்டும், பார்க்கலாம் அக்கா என்று நழுவிவிட்டாள். அந்தப் பெண்களுக்கெல்லாம் இந்தச் சத்தம் கேட்காதா, பயமில்லையா. இன்று காலை குழாயடியில் அதே பரிமளா அக்காவிடம் டி.சி. விஷயத்தைச் சொல்லும்படி ஆகிவிட்டது. சொல்லியிருக்கக்கூடாது. அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். "டி.சி.யா? இன்னாத்துக்கு?" "பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒண்ணுமே சொல்றதில்லக்கா." "ஒண்ணுமே சொல்றதில்லியா? நம்ம ஸ்கூலா?" என்று அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிவிட்டாள். அந்தப் பார்வை பகல் முழுக்கக் கூடவே இருந்தது. பைத்தியத்தைப் பார்க்கிற பார்வை இல்லை. கணக்கு எங்கேயோ இடிக்கிறதே என்கிற பார்வை.

மெர்லினை வெளியே எடுக்கவேண்டும், தோசை ஆறிவிட்டது. "வா, பாதி இருக்கு பாரு." மெர்லின் சுவரோடு இன்னும் நெருங்கி ஒட்டிக்கொண்டாள். முன்பெல்லாம் இந்தச் சத்தம் கேட்டால் வேகமாகச் சாப்பிடுவாள். அதுதான் விசேஷமே. ஜூன் கடைசி, குடிவந்த புதிது, சாமான் கூடப் பிரிக்கவில்லை, மெர்லின் ஒரு வாய்ச் சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள், வெளியே கும்மிருட்டு, அருமைராஜ் இல்லை, முதல் முறையாக அந்தச் சத்தம். வினோலியாவுக்கு அந்தப் பயத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, கையில் சோற்றுக் கிண்ணம் வேறு. வாய் தானாகப் பேசியது. "கேட்டியா? பிள்ளை பிடிக்கிறவன். தட்டு தட்டிக்கிட்டு வர்றான். சாப்பிடாத பிள்ளைய அந்தத் தட்டுல உக்காத்தி வச்சுத் தூக்கிட்டுப் போயிடுவான்." மெர்லின் மென்றாள். விழுங்கினாள். இரண்டாவது வாய், மூன்றாவது வாய், கிண்ணம் காலி. என்ன ஒரு நிம்மதி, சாப்பிட்டதற்கு மட்டுமில்லை, பயம் பாதியாகக் குறைந்திருந்தது, இரண்டு பேர் தூக்கினால் கட்டில் லேசாகிவிடுகிற மாதிரி. அதற்கப்புறம் வியாழக்கிழமைக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை என்றும் தெரிந்துகொண்டாள். மற்ற நாட்களில் சமையலறைக்குள் போய்க் கரண்டிக் காம்பால் ஒரு தட்டில் மெதுவாக, தூரத்தில் கேட்கிற மாதிரி, மூன்று தட்டு, ஒரு தட்டு. கிண்ணம் காலி. இதெல்லாம் எல்லா அம்மாக்களும் செய்வதுதான். கான்வென்ட்டில் சிஸ்டர் கூட இருட்டறையில் ஒரு எலும்புக்கூடு உண்டென்று சொல்லித்தான் மூன்றாம் வகுப்பை வரிசையில் நிறுத்தினார். தட்டுச் சத்தம் என்று எப்படி முதல் நாளே தெரிந்தது எனக்கு என்று வினோலியா இப்போது யோசித்தாள், மண்வெட்டியாகவோ தண்டவாளத் துண்டாகவோ இருந்திருக்கலாமே, வாய் ஏன் தட்டு என்றது. அதற்கு முந்தி ஒருநாள் சத்துணவு நேரத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி ரேஷன் கடைக்குப் போனபோது உள்ளேயிருந்து ஏதோ கேட்டது, பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள், கேட்டதா, ஆமாம், என்னவோ கேட்டது, வெயில், கையில் பை, அது ஒரு சாதாரணச் சத்தம், பகலில் எல்லாச் சத்தமும் சாதாரணம்தான். பெரிய டீச்சர்கிட்ட இருக்கு. அவள் கை தோசைத் தட்டின் விளிம்பில் நின்றது. பெரிய டீச்சர்கிட்ட. நினைப்பு அங்கே வந்து முட்டியது, தாழ்ப்பாள் பாதியில் நிற்கிற மாதிரி, நேர்க்கோட்டில் இல்லை, உள்ளே போகமாட்டேன் என்றது.

நாற்காலி விழுந்தது. யாரோ கதவைத் தள்ளியிருந்தார்கள். வினோலியாவின் வாயிலிருந்து வந்த சத்தம் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"ஐய, கத்தாதடி, நான்தான்" என்றது பரிமளா அக்காவின் குரல். "கதவுக்கு இன்னாத்த முட்டு குடுத்து வச்சிருக்கே? கொக்கிய எடு. டீச்சர் வந்திருக்காங்க."

எடுத்தாள். வாசலில் டார்ச் வெளிச்சம், அதற்குப் பின்னால் பரிமளா, அவளுக்குப் பின்னால் கறுப்புக் கயிற்றுக் கண்ணாடியோடு கோமளவல்லி டீச்சர், கக்கத்தில் குடை. கையில் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும். பள்ளிச் சத்துணவுத் தட்டு, விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பள்ளியின் பெயர் வெட்டியிருந்தது. வினோலியா அந்தத் தட்டைத்தான் பார்த்தாள். முகங்களைப் பார்க்க நேரம் பிடித்தது.

"உள்ள வரலாமாம்மா? எட்டு நாப்பதுக்கு எனக்கு பஸ்சு" என்றார் டீச்சர். "பொதுவா நான் யார் வீட்டுக்கும் போறதில்ல. ஒரு வீட்ல டீ குடிச்சா நாலு வீட்ல கோபம். அதான் எல்லாரும் கம்பெனிலேர்ந்து வர்ற நேரத்துக்குத் தொட்டியடி லைட்டுக்குக் கீழ நின்னு தட்டறது, அம்மாங்க வந்ததும் பிள்ளைங்களப் பத்திச் சொல்றது. ஆனா பரிமளா வந்து நீங்க டி.சி. கேக்கப்போறீங்கன்னு சொன்னாங்க."

"ஃபோன்ல குரூப்பு கூட இருந்துதும்மா" என்றாள் பரிமளா, கேட்காமலே. "ஃபோனெல்லாம் ஆம்பளைங்க கைல. அதுங்க அதுல காலைல ரோஜாப்பூ போடும், ராத்திரி ரோஜாப்பூ போடும். டீச்சர் போட்ட சேதி பூவுக்கடில பூடும். அதுக்குத்தான் தட்டு. ஊருக்கே தெரியும். உனக்கு இன்னாத்துக்குத் தெரியல?"

வினோலியா கேட்டுக்கொண்டிருந்தாள், எல்லாம் கேட்டது, வெகு தெளிவாக, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது மாதிரி. அப்ப அது பள்ளிக்கூடம். நான் ஜன்னலைச் சாத்தினது பள்ளிக்கூடத்துக்கு.

"பதினாலு வியாழக்கிழமை" என்றார் டீச்சர். குற்றம் சொல்கிற குரலில்லை, வருகைப் பதிவேடு படிக்கிற குரல். "தொட்டியடிலேர்ந்து உங்க ஜன்னல் நல்லா தெரியும். நான் முதல் தட்டு தட்டினதும் கூடத்து வெளிச்சம் போகும், அப்புறம் உள் ரூம். சரி, இவங்களுக்கு நம்மகிட்ட பேச இஷ்டமில்ல போலன்னு நானும் விட்டுட்டேன். நீங்க குடுத்த நம்பரும் உபயோகத்துல இல்லன்னு வருது. நேர்ல வந்திருக்கணும். தப்புதான்."

குடிமாறும்போது தொலைந்துபோன அருமைராஜின் பழைய சிம். சேர்க்கைப் படிவத்தில் அவளே எழுதினாள், வளைந்த எழுத்தில், அழகாக.

டீச்சரின் கண் மேசைக்குப் போயிற்று. மறைக்க நேரமில்லை. ஆங்கிலக் கடிதத்தை நின்றபடியே படித்தார், உதடு லேசாக அசைந்தது. பிறகு மூன்று வட்டம் போட்ட கேள்வித்தாள். அதில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"இல்ல டீச்சர், அது நான்... மாத்தி எழுதிடறேன்" என்றாள் வினோலியா.

"வேண்டாம். உங்களுக்கு வந்து சேரலன்னா சேரலதான். நான் எவ்ளோ தட்டினேன்னு அதுல கேள்வி இல்லையே." கடிதத்தைத் தொட்டார். "இதுக்கு நான் பதில எழுத்துல குடுக்கணுமா, வாயால சொன்னா ஏத்துப்பீங்களா?"

"சொல்லுங்க."

"டி.சி. இல்லன்னு சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. அடுத்த வியாழன் வரைக்கும் பொறுங்கன்னு கேக்கறேன். பிள்ளை கெட்டிக்காரி. எழுத்தெல்லாம் மணி மணியா இருக்கு. ஆனா மத்தியானம் சோத்துக்குத் தட்டு அடிச்சா பெஞ்சுக்கு அடில போயிடறா. நான் கிட்ட போனா பாவாடைய நனைச்சுடறா. முப்பத்தொரு வருஷத்துல என்னைப் பார்த்து ஒரு குழந்தை அப்படிப் பயந்ததில்ல. நான் என்ன பண்ணினேன்னு எனக்குத் தெரியலம்மா. அதக் கேக்கத்தான் பதினாலு வாரமா தட்டினேன்." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

சொல்லவேண்டும். ஒரே வாக்கியம்தான். நான்தான் என்று தொடங்கவேண்டும், தொடங்கினால் மிச்சம் தானாக வரும். தோளில் ஊக்கு குத்திய தாள், பஸ் முழுக்கப் படிக்கிறது, அவளால் மட்டும் படிக்க முடியவில்லை. பரிமளா அக்கா சிரிப்பாள். நாளைக்குக் குழாயடியில் தெரு முழுக்கச் சிரிக்கும். பெரியக்கா இறுக்கிப் பின்னுவாள், கண் மேலே இழுத்துக்கொள்ளும். நான். நான்தான்.

"என்னைத் தட்டுல வச்சுத் தூக்கிட்டுப் போக வந்தீங்களா?"

கட்டிலுக்கடியிலிருந்து. சின்னக் குரல், ஆனால் நடுங்காத குரல். மூன்று பேரும் திரும்பினார்கள். நான்கு மாதத்தில் மெர்லின் கோமளவல்லி டீச்சரிடம் பேசிய முதல் வாக்கியம்.

டீச்சர் கையிலிருந்த தட்டைப் பார்த்தார், முதல் தடவையாகப் பார்க்கிறவர் போல. "யாரு சொன்னாங்க?"

"அம்மா."

வினோலியா, "நான்தான் சொன்னேன்" என்றாள். இவ்வளவு நேரம் வராதது வந்துவிட்டது, வந்தபின் பார்த்தால் சின்ன வாக்கியம். "சாப்பிடறதுக்கு. பிள்ளை பிடிக்கிறவன்னு. எனக்கும் பயமா இருந்துச்சு டீச்சர். எனக்கு யாருன்னு தெரியாது."

பரிமளா அக்கா சிரிக்கவில்லை. சேலை நுனியை வாயில் வைத்துக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது, பிறகு அதுவும் நின்றது.

"எங்க வீட்ல சாக்குப்பைக்காரன்" என்றார் டீச்சர், மெதுவாகத் தரையில் உட்கார்ந்துகொண்டே. முட்டி மடங்கும்போது முனகினார். "என் பெரியவனுக்குச் சொன்னது. இப்ப இருபத்தாறு வயசு அவனுக்கு. இன்னிக்கும் அரிசி மூட்டையத் தூக்குடான்னா, நீயே தூக்கும்மாங்கறான்." தட்டைத் தரையில் வைத்துக் கட்டிலைப் பார்க்கத் தள்ளிவிட்டார். அது சறுக்கிக்கொண்டு போய் நின்றது. "மெர்லின், இந்தத் தட்டுல நீ உக்கார முடியுமான்னு பாரு. எனக்கு என்னவோ உன் ரெண்டு கால் கூட நிக்காதுன்னு தோணுது."

எங்கோ ஒரு வண்டி போயிற்று. பிறகு ஒரு கால் வெளியே வந்தது, கட்டை விரல் தட்டின் விளிம்பைத் தொட்டு, சூடா என்று பார்ப்பது போல் எடுத்துக்கொண்டு, மறுபடி வைத்தது. பிறகு மெர்லின் முழுக்க வெளியே வந்தாள், தலையெல்லாம் ஒட்டடை, ஒரு காலைத் தட்டில் வைத்தாள், இன்னொரு காலை வைத்தாள். வைக்க முடிந்தது. குதிகால் இரண்டும் வெளியே நின்றன. "நிக்குதே" என்றாள் டீச்சரிடம், குற்றம் கண்டுபிடித்த குரலில். "ஆனா உக்கார முடியாது. தூக்கினா விழுந்துருவேன்." "அதான்" என்றார் டீச்சர். "சோறுதான் வைக்கலாம்." வினோலியா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், சுண்ணாம்பில் ஒரு இடத்தில் ஈரம் பூத்திருந்தது, இலை மாதிரி, அதன் நரம்புகளை எண்ண முயன்றாள்.

கிளம்பும்போது டீச்சர் தட்டை எடுத்துக்கொள்ளவில்லை. "இது இன்னிக்கு ராத்திரி இங்கயே இருக்கட்டும். நாளைக்கு நீதான் கொண்டு வரணும். மத்தியானம் நீதான் அடிக்கணும், இல்லன்னா ஒருத்தருக்கும் சோறு கிடையாது. மூணு, அப்புறம் ஒண்ணு. தெரியுமில்ல?" மெர்லின் தெரியும் என்று தலையாட்டினாள். அவளுக்குத் தெரியாதா. படியிறங்கிய பிறகு டார்ச் வெளிச்சம் நகராமல் வாசல் மண்ணிலேயே வட்டமாக நின்றது. வெளியிலிருந்து குரல் வந்தது: "தாழ்ப்பாள் போடுங்கம்மா. நீங்க போட்ட சத்தம் கேட்டுட்டு நாங்க போறோம்." "இருட்டுல நிக்கறோம், சீக்கிரம் போடு கான்வென்ட்டு, டீச்சருக்கு பஸ்சு" என்றாள் பரிமளா.

கம்பி வழக்கம் போலப் பாதியில் நின்றது. வினோலியா தோளைக் கொடுத்தாள், அவள் தோளுக்கு அது மசியவில்லை, கையால் குத்தினாள், முட்டி வலித்தது. வெளியே இரண்டு பேர் பேசாமல் நிற்கிறார்கள். போங்க டீச்சர், நான் பாத்துக்கறேன் என்று சொல்லிவிடலாம். நாற்காலி இருக்கிறது. இடுப்பில் இடித்தது ஏதோ, பார்த்தாள், மெர்லின் இரண்டு கையாலும் தட்டைத் தூக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். அதை வாங்கினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, விளிம்பில் வெட்டிய எழுத்தின் புள்ளிகள் விரலில் உறுத்தின. கதவை முழங்காலால் அழுத்திக்கொண்டு, தட்டின் விளிம்பால் தாழ்ப்பாள் குமிழின் மேல் ஓங்கி அடித்தாள். ணங். கம்பி ஒரு நெல்லளவு நகர்ந்தது. ணங். ணங். துளையின் வாயில் போய் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, அவளுடைய மூச்சு, மெர்லினுடைய மூச்சு. "இன்னும் ஒண்ணும்மா" என்றாள் மெர்லின். அவள் அடித்தாள். ஒரே ஒரு ணங். தாழ்ப்பாள் முழுசாக உள்ளே போய் விழுந்தது.